டெரியர் என்ற ஒரு பெயரும் பல நாய்களும்

மனிதருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியவை என்று கருதப்பட்ட 23 வகை நாய்களின் இறக்குமதியையும் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் நிறுத்த வேண்டுமென்று, 2024ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அந்தப் பட்டியலில் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்டுஷயர் டெரியர் என்று குறிப்பான பெயர்கள் இருந்ததோடு, அடைமொழி எதுவுமில்லாமல் ‘டெரியர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லும் தனியே இடம்பெற்றிருந்தது. அந்தச் சொல்லுக்கு உள்ளபடி பொருள் கொண்டால், மூன்று கிலோ எடையோடு பாட்டியின் மடியில் படுத்துறங்கும் யார்க்‌ஷயர் டெரியரும், பந்தயச் சண்டைக்கென்று ஒரு காலத்தில் உருவாக்கப்பட்ட பிட்புல்லும் ஒரே வகையான அபாயம் என்றாகிவிடும். சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்காமல் பிறப்பித்தது என்ற காரணத்தால் அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது.

ஆனால் அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த மயக்கம் டில்லி அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. நம் தாம்பரம் வட்டாரத்தில், குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் நாய் வளர்க்க ஆசைப்படும் குடும்பங்கள் பலவும், “டெரியர்னா சின்ன நாய்தானே, ஃப்ளாட்டுக்கு சௌகரியமா இருக்கும்” என்ற ஒரே நினைப்போடு, பெயரின் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு முன்பாதியை விசாரியாமல் குட்டியைத் தூக்கிவந்து, அது வளர்ந்து ஆளான பிறகு, தாம் நினைத்தது வேறு, வந்து சேர்ந்தது வேறு என்று கண்டு திகைக்கின்றன. அந்தத் திகைப்பின் பலனை அனுபவிப்பது பெரும்பாலும் நாய்தான்; மொட்டைமாடியில் சங்கிலியோடு கட்டப்படுவதும், ஓர் இரவில் ஏரிக்கரையோரம் இறக்கிவிடப்படுவதும் அதற்குத்தான் நேர்கிறது. ஒன்றுபோல் தோன்றும் டெரியர் ஜாதிகளுக்குள் உள்ள வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்தத் துன்பத்தில் ஒரு பகுதியையாவது தவிர்க்கலாம் என்ற நம்பிக்கையினாலேயே இதை எழுதுகிறேன்.

நாயின் முகத்தைப் பார்ப்பதற்கு முன், அதன் முன்னோர் செய்த தொழிலைக் கேட்க வேண்டும். வேட்டைநாய்களில் சில கண்ணால் கண்டு துரத்துபவை. நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த வகையைச் சேர்ந்தவை. வேறு சில மோப்பம் பிடித்துத் தொடர்பவை. பிரிட்டிஷ் தீவுகளில் பெரும்பாலும் உருவான டெரியர்களின் தொழிலோ, நரியும் பேட்ஜரும் ஒளிந்திருக்கும் வளைக்குள் தாமே புகுந்து, வெளிச்சமும் எஜமானனின் குரலும் எட்டாத இடத்தில், யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தாமே முடிவெடுத்து, பகைவனுக்கு முகத்துக்கு முகம் நின்று குரைத்து அவனை வெளியேற்றுவது. ஆகவே டெரியரிடம் நாம் காணும் பிடிவாதமும், அஞ்சாமையும், கண்ட இடமெல்லாம் மண்ணைப் பறிக்கும் ஆசையும், சிறு சலசலப்புக்கும் எழுந்து குரைக்கும் வழக்கமும் வளர்ப்புக் கோளாறுகள் அல்ல. பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துப் பேணிய குணங்கள் அவை. எந்த டெரியர் ஜாதியானாலும் இந்தச் சுபாவம் கூடவோ குறையவோ இருக்கும். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்பதில்தான் ஒரு ஜாதிக்கும் இன்னொரு ஜாதிக்கும் உள்ள வேற்றுமை அடங்கியிருக்கிறது.

இவற்றுள் அதிகக் குழப்பம் தருபவை, வெள்ளை உடலில் பழுப்போ கறுப்போ திட்டுத் திட்டாக அமைந்த மூன்று ஜாதிகள்: ஜாக் ரஸ்ஸல், பார்சன் ரஸ்ஸல், ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர். முதல் இரண்டும் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கியவை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்து, நரிவேட்டையில் தீராத பற்றுக் கொண்டிருந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883), ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1819ஆம் ஆண்டளவில், ஒரு பால்காரரிடமிருந்து ‘டிரம்ப்’ என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார் என்பது அந்த ஜாதிகளின் சரித்திரத்தில் நிலைத்துவிட்ட செய்தி. வளைக்குள்ளிருந்து பாய்ந்து வெளிவரும் பிராணி நாயா நரியா என்று தெரியாமல் தவறு நேராதிருக்க வெள்ளை நிறம் உதவியது. குதிரைகளோடு கூடவே ஓடிவர நீண்ட கால்களும் தேவைப்பட்டன. பின்வந்த நாட்களில் அந்தப் பரம்பரை இரண்டாகப் பிரிந்தது. நீண்ட கால் கொண்ட பிரிவை 1990இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அங்கீகரித்தது. அதுவே இன்று பார்சன் ரஸ்ஸல். குட்டைக் கால் கொண்ட பிரிவு பெரிதும் ஆஸ்திரேலியாவில் ஒழுங்குபெற்று, ஜாக் ரஸ்ஸல் என்ற பெயரில் 2016இல் பிரிட்டனிலும் அங்கீகாரம் பெற்றது.

இவற்றை நிறத்தைக் கொண்டோ, உரோமம் வழவழப்பா சொரசொரப்பா என்பதைக் கொண்டோ பிரித்தறிய முடியாது. இரு ஜாதியிலும் இருவகை உரோமமும் உண்டு. அளவு நாடாதான் உண்மையைச் சொல்லும். ஜாக் ரஸ்ஸலின் உயரம் தோள் உச்சியிலிருந்து தரைவரை 25 முதல் 30 சென்டிமீட்டர்; எடை ஐந்து ஆறு கிலோ; உயரத்தைவிட உடல் சற்று நீளம். பார்சன் ரஸ்ஸல் 33 முதல் 36 சென்டிமீட்டர் வரை நிற்கும். உயரமும் நீளமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பக்கவாட்டில் பார்த்தால் சதுரமாகத் தோன்றும். ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர் 39 சென்டிமீட்டரைத் தொடும். அதன் தலை மற்ற இரண்டையும்விட நீண்டு ஒடுங்கியது, கழுத்து நிமிர்ந்தது, மடிந்த காதுகளின் மடிப்பு மண்டையின் மட்டத்துக்கு மேலே தெரியும். டின்டின் படக்கதையில் வரும் வெள்ளை நாய் இதன் உடன்பிறப்பான வயர் ஃபாக்ஸ் டெரியர்.

மாடம்பாக்கத்தில் தனிவீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், ஜாக் ரஸ்ஸல் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு நாயை வளர்க்கிறார். “செடி ஒண்ணு வெக்க விட மாட்டேங்குது சார், நோண்டி எடுத்துடுது, காம்பவுண்டு சுவர்மேல ஏறி நின்னு தெருவையே கூப்பிடுது” என்று அவர் மனைவி முறையிட்டார். நாயைக் கதவு நிலையோரம் நிற்கவைத்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை அதன் தோள்மீது மட்டமாக வைத்து, நிலையில் பென்சிலால் கோடிட்டு அளந்தோம், 35 சென்டிமீட்டர். பிறகு முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்தேன். மேலே என் கட்டைவிரல்களும் கீழே நடுவிரல்களும் ஒன்றையொன்று தொட்டன. அந்த அணைப்புக்குள் அடங்கும் மார்புதான் குறுகிய வளைக்குள் நுழைய முடியும் என்பதால், போட்டிகளில் நடுவர்கள் இன்றும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். அளவெல்லாம் பார்சன் ரஸ்ஸலுக்குப் பொருந்தியது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் குதிரையோடு ஓடப் பிறந்த அந்தக் கால்களுக்குத் தெருமுனைவரை போய்த் திரும்பும் உலாத்தல் எப்படிப் போதும்? இப்போது நண்பர் விடியற்காலையில் நெடுந்தூரம் அழைத்துப் போகிறார். தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் கொட்டி, தோண்டுவதற்கென்றே அதை விட்டுக்கொடுத்திருக்கிறார். செடிகள் பிழைத்தன.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த குட்டைக்கால் டெரியர்கள் அடுத்த குழு. கெய்ர்ன் டெரியரும், ‘வெஸ்டி’ என்று செல்லமாகச் சொல்லப்படும் வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் டெரியரும் ஒருகாலத்தில் ஒரே பரம்பரையில் கலந்து நின்றவை. ஆர்கைல் பகுதியின் நிலப்பிரபுவான பொல்டலாக் மால்கம் என்பவர், தம் செந்நிற நாயை நரியென்று நினைத்துச் சுட்டுவிட்டு, அந்தத் துக்கத்தால் இனி வெள்ளை நாயே வளர்ப்பதென்று தீர்மானித்தார் என்ற கதை வெஸ்டியின் பிறப்போடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. வெள்ளையைத் தவிர வேறு பல நிறங்களில் கெய்ர்ன் வரும். வெஸ்டி வெள்ளை மட்டுமே. கறுப்பு நிறத்தில் அதிகம் காணப்படும் ஸ்காட்டிஷ் டெரியர் இரண்டையும்விடக் கனமானது; தலையும் நீளம். நிற வித்தியாசம் மட்டும்தானே என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் வெஸ்டியின் தோல் மிகவும் நொய்மையானது. ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சி அந்த ஜாதியில் பரம்பரையாகவே மிகுதி என்பது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். நம் கடலோர ஈரக்காற்றில், வியர்த்துக்கொட்டும் ஆவணி புரட்டாசியில், இடைவிடாமல் பாதத்தை நக்கியும் வயிற்றைச் சொறிந்தும் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்திலிருந்து ஈரக்காற்று வீசும் இந்தப் பிரதேசத்தில் வெஸ்டி வளர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். நார்விச், நார்ஃபோக் என்னும் இரட்டையர் நம் பக்கம் அபூர்வம். காது நிமிர்ந்தது நார்விச், மடிந்தது நார்ஃபோக் என்ற ஒரே அடையாளத்தைக் கொண்டு 1964இல் பிரிட்டனில் அவற்றை இரு ஜாதிகளாகப் பிரித்தார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது அதிகம் விரும்பப்படுவது யார்க்‌ஷயர் டெரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நூற்பாலைத் தொழிலாளர்களிடையே, எலி பிடிக்கும் நாயாக வாழ்வைத் தொடங்கி, பிறகு சீமாட்டிகளின் மடிக்கு ஏறியது அது. அதன் எடை 3.2 கிலோவைத் தாண்டக் கூடாதென்பது விதி. பட்டுப்போன்ற உரோமம் தரைவரை தொங்கும். சிட்னி நகரத்தில் இதையும் ஆஸ்திரேலியன் டெரியரையும் கலந்து உருவாக்கிய சில்க்கி டெரியர் பார்வைக்கு இதேதான். ஆனால் நான்கைந்து கிலோ எடையும், நீண்ட தலையும், தரையைத் தொடாத உரோமமும், நிஜமான எலிபிடி சுபாவமும் உடையது. சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு உறுதியான உடல் கொண்ட சில்க்கியே பொருத்தம். சோபாவிலிருந்து தவறி விழுந்தாலே யார்க்கியின் கால் எலும்பு முறியக்கூடும். ‘டீகப் யார்க்கி’ என்று சொல்லி, இன்னும் சிறிதாக, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, அதிக விலைக்கு விற்கிறார்கள். அப்படி ஒரு ஜாதியை எந்தக் கென்னல் கிளப்பும் அங்கீகரித்ததில்லை. இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழுவதும், மூச்சுக்குழாய் நலிந்து இருமுவதும் அந்தச் சின்னஞ்சிறு ஜீவன்களுக்குச் சாதாரணம். பணம் கொடுத்து அந்த வேதனையைப் பெருக்க வேண்டாம்.

டெரியர் என்று பெயர் வைத்தும் டெரியர் ஆகாத நாய்களும் உண்டு, அவற்றில் ஒன்றுக்கு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. 1920களில் கான்பூரில் பணியாற்றிய ஆங்கிலேயப் பெண் மருத்துவர் டாக்டர் கிரெய்க், தம்மிடம் சிகிச்சை பெற்ற திபெத்தியக் குடும்பத்தார் நன்றியோடு கொடுத்த நாயை வளர்த்துப் பெருக்கினார். இந்தியாவின் கென்னல் கிளப் 1930இல் அதைத் ‘திபெத்தியன் டெரியர்’ என்ற பெயரில் அங்கீகரித்தது. வளைக்குள் புகும் தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மடாலயங்களிலும் மேய்ப்பர்களிடமும் இருந்த துணைநாய் அது. நம் வீடுகளில் மிகுந்து காணப்படும் லாசா அப்ஸோவையும் முன்பு ‘லாசா டெரியர்’ என்றே அழைத்தார்கள். இன்று ஷி ட்ஸு, லாசா, திபெத்தியன் டெரியர் மூன்றையும் ஒன்றாகவே எண்ணுகிறோம். கால் நீண்டு, 35 முதல் 40 சென்டிமீட்டர் உயரமும், பனியில் நடப்பதற்கேற்ற அகன்ற தட்டைப் பாதமும் இருந்தால் அது திபெத்தியன் டெரியர். தாழ்ந்து நீண்ட உடலும் மிதமான மூக்கும் இருந்தால் லாசா. மூக்கு முகத்தோடு அழுந்தியிருந்தால் ஷி ட்ஸு. அழுந்திய மூக்குள்ள நாய்க்கு நம் கோடை கடினம் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்தால் போதும்.

இனி, அச்சத்தோடு பேசப்படும் புல் வகைகள். காளையோடு நாயை மோதவிடும் கொடிய விளையாட்டை இங்கிலாந்து 1835இல் சட்டத்தால் தடுத்தது. அதற்குமுன்பே புல்டாகையும் டெரியரையும் கலந்து சண்டைநாய்களை உருவாக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கலப்பின் வழித்தோன்றல்கள் பல. முட்டை வடிவான தலையும் சிறிய முக்கோணக் கண்ணும் கொண்டது புல் டெரியர். அதை எவரும் தவறாக அடையாளம் காண முடியாது. ஸ்டாஃபோர்டுஷயர் புல் டெரியர் 35 முதல் 40 சென்டிமீட்டர் உயரமும் 11 முதல் 17 கிலோ எடையும் உடையது. பெயரில் ‘அமெரிக்கன்’ சேர்ந்தால் உயரம் 43 முதல் 48 சென்டிமீட்டராக ஏறிவிடுகிறது, எடையும் பலமும் அதற்குத் தக்கபடி கூடுகின்றன. அமெரிக்கன் பிட்புல் டெரியர் இவற்றின் நெருங்கிய உறவு; ஆயினும் சர்வதேச நாய்ச் சம்மேளனமான எஃப்.சி.ஐ. அதை அங்கீகரிக்கவில்லை. பரந்த தலையும் திரண்ட தோளும் உள்ள நாயையெல்லாம் நம் தெருவில் பிட்புல் என்கிறார்கள். நன்கு வளர்த்த ஸ்டாஃபோர்டுஷயர் மனிதரிடம் பிரியமானது என்பது உண்மையே. மற்ற நாய்களிடம் அது பொறுமை காட்டுமென்று மட்டும் உறுதி கூற இயலாது. தெருநாய்கள் திரளும் நம் புறநகர்த் தெருக்களில் முதன்முறையாக நாய் வளர்ப்பவருக்கு இந்த வகை எதுவும் ஏற்றதன்று. நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் 2024 மே மாதம் ஓர் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய சம்பவத்துக்குப் பிறகு, பலமுள்ள நாய் வைத்திருப்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாம்பரம், பல்லவபுரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் நிலப்பரப்பு ஏரிகளால் நிரம்பியது. சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று ஏரிதோறும் குடியிருப்பும், குடியிருப்புதோறும் புதர் மண்டிய காலி மனையும் உள்ளன. காலி மனையில் பெருச்சாளி இருக்கும். அதைத் தேடிப் பாம்பு வரும். சாதாரண நாய் பாம்பைக் கண்டால் எட்ட நின்று குரைத்து நமக்கு அறிவிக்கும். டெரியரோ பாய்ந்து கவ்வி உலுக்கும். கண்ணாடி விரியனிடமும் நல்ல பாம்பிடமும் அந்த வீரம் செல்லாது. ஆகையால் ஏரிக்கரையோரம் எந்த டெரியரையும் கயிறில்லாமல் விடக் கூடாது. பெருச்சாளியைக் கொன்றால் வேறோர் ஆபத்து: எலிக்காய்ச்சல். 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளம் தேங்கும் இடங்களில் அந்த நோய்க்கிருமி நீரிலேயே இருக்கும் என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதற்குரிய தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும்.

உண்ணி நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் உண்டு. உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பேபிசியா காய்ச்சல்களால் மாளும் நாய்கள் பல. இதிலும் ஜாதி வேற்றுமை குறுக்கிடுகிறது. வழவழப்பான வெள்ளை உரோமத்தில் ஊரும் உண்ணி கண்ணுக்குத் தெரிந்துவிடும். கெய்ர்ன், ஸ்காட்டிஷ் போன்ற அடர்ந்த உரோமத்தில் தெரியாது, காதின் உள்மடிப்பையும் விரலிடுக்கையும் தாடைக்கடியையும் தினந்தோறும் விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சொரசொரப்பான உரோமத்தை முறைப்படி கையால் பறித்தெடுக்க வேண்டும். ட்ரிம்மர் போட்டு மழித்துக்கொண்டே வந்தால் நாளடைவில் அது மிருதுவாகி நிறமும் மங்கிவிடும்.

டெரியர்தான் வேண்டுமென்ற கட்டாயம் இல்லாதவர்கள் நம் மண்ணின் நாய்களைப் பற்றியும் யோசிக்கலாம். இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் பேணுவதற்கென்று 1980களின் தொடக்கத்திலேயே சைதாப்பேட்டையில் அரசு ஓர் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. அவற்றுக்கு இந்த உஷ்ணம் பழக்கம். ஆனால் ஓடுவதற்கு இடம் வேண்டும், இரண்டு அறை ஃப்ளாட்டில் அடைத்துவைப்பது அவற்றுக்கும் கொடுமையே.

டெரியர்தான் என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி குற்றம்; நாய் பெருக்குவோர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டுமென்பதும் விதி. “ஃபுல் பேப்பர் இருக்கு சார்” என்று சொல்பவரிடம் அந்தக் காகிதத்தை வாங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ்தானா என்று பாருங்கள். ஜாதிப் பெயர் எழுதிய வரியை முழுவதும் படியுங்கள். அதிலுள்ள மைக்ரோசிப் எண் நாயின் உடலிலுள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று சோதியுங்கள். கையோடு ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் குட்டியை அளக்காதீர்கள். அதன் தாயை அளந்து பாருங்கள், அதன் தோலையும் மூச்சையும் கவனியுங்கள், அந்நியரிடம் அது நடந்துகொள்ளும் விதத்தையும் பாருங்கள். தாய்நாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் எவ்வளவு அழகான குட்டி இருந்தாலும் வாங்காதீர்கள்.